செம்பனை, தேங்காய், நல்லெண்ணெய்: எங்க வீட்டு அடுப்புக்கு எது?

சித்தி மூணு மாசமா தினம் காலையில வெறும் வயித்துல ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்கிறாங்க, எங்கம்மாவுக்கு 2 ரிங்கிட் 50 சென் பேக்கெட் செம்பனை எண்ணெய (பாமாயில்) விட்டா வேற எதுவும் கிடையாது, போன ஞாயிறு பினாங்கு லிட்டில் இந்தியாவுல சாமான் வாங்கப் போனப்போ கடை வாசல்லயே ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். ரெண்டு பேருமே கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கறவங்க, அதான் எனக்குக் கவலை.

எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். எல்லாத்துலயும் ஒரு கிளிசரால், அதுல ஒட்டின மூணு கொழுப்பு அமிலம். அந்த அமிலம் எவ்ளோ நீளம், அதுல கார்பனுக்கு நடுவுல இரட்டைப் பிணைப்பு இருக்கா, அங்கதான் வித்தியாசமே. இரட்டைப் பிணைப்பே இல்லாததத்தான் நிறைவுற்ற கொழுப்புன்னு சொல்றது.

தேங்காய் எண்ணெயில கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நம்ம ஊரு சூட்டுல எப்பவும் தண்ணியா இருக்கறதால சித்தி அத லேசான எண்ணெய்னு நம்புறாங்க, ஆனா 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிடும், ஐஸ்பெட்டியில வச்சு வெள்ளக் கட்டியா எடுத்துக் காட்டினேன். வாட்சப்ல வருதே, "நேரா ஈரலுக்குப் போய் எரிஞ்சிடும், உடம்புல தங்காது"னு, அது 8, 10 கார்பன் அமிலத்துக்குப் பொருந்தும், குடல்லேருந்து போர்ட்டல் ரத்தக்குழாய் வழியா ஈரலுக்குப் போயிடும். தேங்காய் எண்ணெயில அது ரெண்டும் சேர்ந்தே சுமார் 15 சதவீதந்தான். பாதிக்குக் கிட்ட இருக்கறது 12 கார்பன் லாரிக் அமிலம், அதுல பெரும்பகுதி மத்த நீளமான கொழுப்பு மாதிரியே குடல் செல்லுல திரும்ப ஒட்டி, கைலோமைக்ரான்ங்கற கொழுப்பு சுமக்கற துகள்ல ஏறி, நிணநீர் வழியாத்தான் ரத்தத்துக்கு வருது. நல்ல கொலஸ்ட்ரால் ஏறும், சரி, கூடவே எல்டிஎல்லும், அதான் கெட்ட கொலஸ்ட்ராலும், ஏறுதே!

செம்பனையில பாதி நிறைவுற்றது (16 கார்பன் பால்மிடிக்தான் அதிகம்), 40 சதவீதம் பக்கம் ஒலியிக், அது இரட்டைப் பிணைப்பு உள்ள அமிலம். நாம வாங்கறது அதுலேருந்து பிரிச்ச ஓலின், கொஞ்சம் இன்னும் இளகினது. பொரியலுக்கு, வடைக்கு நல்லாத் தாங்கும். அதே பழத்தோட கொட்டையிலேருந்து எடுக்கற எண்ணெய் வேற, அது குணத்துல தேங்காய்க்குச் சொந்தக்காரன், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

நல்லெண்ணெயில நிறைவுற்றது 15 சதவீதம் போல, மீதி பெரும்பாலும் ஒலியிக், லினோலியிக், ரெண்டுமே இரட்டைப் பிணைப்பு உள்ளது. எல்டிஎல்லுக்கு மூணுல இதுதான் நல்லது. விலைதான் இடிக்குது.

ஒரு மேசைக்கரண்டி 14 கிராம்னு வச்சா தேங்காயில 12 கிராம் பக்கம் நிறைவுற்றது, செம்பனையில 6, 7, நல்லெண்ணெயில 2. ஒரு நாள் கலோரியில 10 சதவீதத்துக்கு மேல நிறைவுற்ற கொழுப்பு வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது 2000 கலோரி சாப்பிடறவங்களுக்கு 22 கிராம்தான், சித்தியோட காலைக் கரண்டியிலயே பாதி போச்சு, அப்புறம் தேங்காய்ப்பால் கறி வேற.

அதனால எங்க வீட்டுல குழம்பு, தாளிப்பு எல்லாம் நல்லெண்ணெய், எப்பவாவது பொரிச்சா செம்பனை, தேங்காய் எண்ணெய் அவியலுக்கு மட்டும்னு பேசி முடிச்சோம். சித்தி காலைக் கரண்டிய விட்டுட்டாங்க. அம்மாகிட்ட இன்னும் ஒண்ணுதான் கேட்டுட்டிருக்கேன், பொரிச்ச எண்ணெய டப்பாவுல ஊத்தி வச்சு மூணாவது தடவையும் காய வைக்காதீங்கம்மா.