வெளிநாட்டில் ஊர் தேர்ந்தெடுக்க உதவும் ரீலொக்கேஷன் சேவை: ஓர் அறிக்கை, இரண்டு பயணம், எங்கள் அனுபவம்

என் கணவரின் அலுவலகம் இரண்டு நாடுகளில் இரண்டு ஊர்களைச் சொல்லி, எது வேண்டும் என்று ஆறு வாரத்தில் சொல்லச் சொன்னது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 4. உதவிக்கு ஒரு ரீலொக்கேஷன் நிறுவனத்தையும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். இரண்டு ஊரையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை, ஒவ்வொரு ஊரிலும் மூன்று நாள் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கும் பயணம், அங்கே கூடவே வர ஓர் ஆலோசகர். அந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்த ஊர்களைப் பற்றியே போய்விடும்.

அறிக்கை நாற்பது பக்கம், பார்க்க அழகாக இருந்தது. முதல் பக்கத்திலேயே, வாழத் தகுந்த நகரங்களின் பட்டியலில் எந்த ஊர் எத்தனையாவது இடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் ஊர் சில இடங்கள் மேலே. அதைப் பார்த்து நாங்களும் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டோம். அப்புறம்தான் அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தேடிப் படித்தேன். எக்கனாமிஸ்ட் இதழின் குழுமத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனமான எக்கனாமிஸ்ட் இண்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிடும் பட்டியல் அது. நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், மருத்துவத்துக்கு 20, பண்பாடும் சுற்றுச்சூழலும் சேர்த்து 25, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்கு, அந்த ஊரில் வாழும் சிரமத்துக்காகக் கூடுதல் படி எவ்வளவு தரலாம் என்று கம்பெனிகள் கணக்குப் போட உதவும் அளவுகோல் இது. நூற்றுக்கு 80-க்கு மேல் வாங்கிய ஊருக்குப் படி தேவையில்லை என்றும், 50-க்கும் கீழே போனால் சம்பளத்தில் 20 சதவீதம் கொடுக்கலாம் என்றும் அவர்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு ஊருமே 80-ஐத் தாண்டியவை. அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் கல்வி பத்தில் ஒரு பங்கு விஷயம் கிடையாது.

விலைவாசிப் பக்கத்தையும் கவனமாகப் படியுங்கள். நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களுக்கு எண் கொடுக்கும் குறியீடுகளில் சில, வீட்டு வாடகையைச் சேர்க்காமல் போடப்பட்டவை. எங்கள் அறிக்கையில் இருந்ததும் அப்படித்தான். குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரிய செலவே வாடகைதான், அது அடிக்குறிப்பில் ஒரு வரியாகக் கிடந்தது.

நாற்பது பக்கத்திலும் இல்லாதது பள்ளி மொழி. முதல் ஊரில் அரசுப் பள்ளிகள் எங்கள் யாருக்கும் தெரியாத மொழியில் நடக்கின்றன. இரண்டாவது ஊரில், மகள் இப்போது படிக்கிற மொழியிலேயே. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ், குடியேறிய பிள்ளைகளின் மொழிக் கல்வியை ஆராய்ந்து 1980-களின் தொடக்கத்தில் சொன்ன ஒரு விஷயம் உண்டு. புது மொழியில் விளையாடவும் பேசவும் பிள்ளைகளுக்குச் சுமார் இரண்டு ஆண்டு போதும். பாடத்தைப் படித்து எழுதுவதில் வகுப்பில் மற்றவர்களுக்குச் சமமாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கும். இதைப் படித்ததும் விரல் விட்டு எண்ணினேன். மகனுக்கு 4-ஓடு 7 சேர்த்தால் 11, தாராளமாகப் பிடித்துவிடுவான். மகளுக்கு 11-ஓடு 7 சேர்த்தால் 18, பள்ளிப் படிப்பே முடிந்திருக்கும். சர்வதேசப் பள்ளியில் சேர்க்கலாம் என்றார் ஆலோசகர். கம்பெனி கட்டணம் தருவதாகச் சொன்னது இரண்டு ஆண்டுக்கு மட்டும். மூன்றாம் ஆண்டு என்ன செய்வது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

முதல் ஊர்ப் பயணம் ஏமாற்றமாகவே முடிந்தது. மூன்று நாளும் காலை பத்து மணிக்குக் கார் வரும், மாலை நான்குக்கு விடுதியில் இறக்கிவிடும். ஏழு வீடு காட்டினார்கள், எல்லாம் நல்ல வீடுகள். ஒரு பள்ளிக்கு மட்டும் கூட்டிப்போனார்கள், அதுவும் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, காலி வகுப்பறைகளைப் பார்க்க. நாங்கள் போனது ஜூன் மாதம். 60-வது அட்சரேகையை ஒட்டிய ஊர், இரவு உணவு முடிந்த பிறகும் வெயில் அடித்தது, பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். அதே ஊரில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். நான்கு வயதுப் பிள்ளை இருட்டில் பள்ளிக்குக் கிளம்பி இருட்டில் திரும்புவான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அது குறை என்று சொல்லவில்லை, அங்கே லட்சக்கணக்கான பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அவ்வளவுதான்.

இரண்டாவது ஊருக்குப் போகுமுன், முதல் நாள் காலை ஏழரைக்கே கிளம்ப வேண்டும், பள்ளி நடக்கிற நேரத்தில் பள்ளியைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டோம். அங்கே வந்த ஆலோசகர் தம் பிள்ளைகளோடு மூன்று நாடு மாறியவர். உட்கார்ந்ததுமே, "வீட்டை அப்புறம் பார்க்கலாம், முதல்ல பள்ளி" என்றார். அங்கே அரசுப் பள்ளி இடம் வீட்டு முகவரியைப் பொறுத்தது. பள்ளி வாடகை ஒப்பந்தம் கேட்கும், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார், வங்கி முகவரி கேட்கும். இந்தச் சுற்றை எங்கிருந்து அவிழ்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அலுவலகக் கடிதத்தை வைத்து முதலில் வங்கிக் கணக்கைத் தொடங்கச் சொன்னார். பிறப்புச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்ட நம் அரசு வைக்கும் முத்திரை, இருக்கிறதா என்று பார்த்தார். 1961 ஹேக் உடன்படிக்கையில் நம் நாடும் அந்த நாடும் இருப்பதால் அந்த ஒரு முத்திரை போதும், தூதரகத்துக்கு அலைய வேண்டாம். மகனின் தடுப்பூசி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தட்டம்மை இரண்டாவது ஊசியின் தேதி மழுங்கியிருப்பதைக் காட்டினார். மூன்று வருடமாக அந்த அட்டையை நான்தான் பத்திரமாக வைத்திருந்தேன், என் கண்ணில் அது பட்டதே இல்லை. ஊர் திரும்பியதும் மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்து எழுதி வாங்கினோம்.

எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த வீட்டிலிருந்து பள்ளிவரை நடந்து பார்க்கலாம் என்று சொன்னவரும் அவரே. மேப்பில் 12 நிமிடம். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது 25 நிமிடம் ஆனது. நடுவில் நான்கு வழிச் சாலை, சிக்னல் இல்லை. லாரிகள் வேகத்தைக் குறைக்காமல் போய்க்கொண்டிருந்தன, மகன் என் காலோடு ஒட்டிக்கொண்டான். அந்த வீட்டை அங்கேயே விட்டுவிட்டோம். பிறகு எடுத்தது ஒரு அறை குறைவான வீடு. பள்ளிக்கு இரண்டு தெரு, மகள் தனியாகவே போகலாம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். நிறுவனத்தின் படிவத்தில் கணவருக்கு இரண்டு பக்கம் கேள்வி, எனக்குப் பெயரும் வயதும் மட்டும். வேலை செய்ய அனுமதி உண்டா என்று கேட்டபோது விசாவிலேயே உண்டு என்றார்கள், அது உண்மைதான். ஆனால் விசா தரும் அனுமதி வேறு, தொழில் செய்யும் அனுமதி வேறு. என் துறையில் அந்தந்த நாட்டின் பதிவு அமைப்பில் சேராமல் ஒரு நோயாளியைக்கூடத் தொட முடியாது. பதிவுக்கு என்ன தேர்வு, எவ்வளவு காலம் என்பதை நானே அந்த அமைப்புகளுக்கு எழுதித் தெரிந்துகொண்டேன். துணைவர் வீட்டில் முடங்கி வருந்தினால் அந்த ஊரில் குடும்பம் எத்தனை நாள் நிற்கும்? இதைக் கேட்காத எந்த ஒப்பீட்டையும் நான் முழு ஒப்பீடு என்று சொல்ல மாட்டேன்.

சொந்தக் காசில் இந்தச் சேவையை எடுப்பதானால் அறிக்கையை வாங்காதீர்கள், அதில் உள்ளதில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கும் ஆவணங்களுக்கும் மட்டும் ஆலோசகரைத் தனியாக அமர்த்த முடியுமா என்று கேளுங்கள், அதற்குக் கொடுக்கும் பணம் தகும். வரப்போகிறவர் யார், பிள்ளைகளோடு ஊர் மாறியிருக்கிறாரா, வீடு முடிந்தால் அவருக்குக் கமிஷன் உண்டா என்பதைப் பயணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பள்ளி விடுமுறையில் தேதி கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியில் அனுப்பிய கருத்துப் படிவத்தில் இதையெல்லாம் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அந்த இரண்டாவது ஆலோசகரே கூப்பிட்டார். படிவத்தில் துணைவரின் தொழிலுக்கு ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்களாம். என்னென்ன கேள்விகள் கேட்கலாம் என்று என்னிடம் கேட்டார். ஒன்பது கேள்வி எழுதி அனுப்பினேன்.