தொண்டி என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள்

தேவிபட்டினத்தில் ஜெராக்ஸ், ஸ்கேன் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ்தான். கோப்புகளை ஊர்வாரியாகப் பிரிப்பது, அழிப்பது எல்லாம் கட்டளை அடிக்கும் டெர்மினலில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத்துக்காக ஆதார், பாஸ்புக் நகல்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். கோப்புப் பெயர் பூராவும் இடைவெளியும் அடைப்புக்குறியும்தான்.

இரண்டாம் வருடம் பட்ட அடியைச் சொல்கிறேன். ‘தொண்டி பழையது’ என்ற கோப்புறையை அழிக்க, ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையில் பெயருக்கு மேற்கோள் குறி போடாமல் ஆர்எம் -ஆர் தொண்டி பழையது என்று அடித்துவிட்டேன். கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொண்டது. ‘பழையது’ இல்லை என்று பிழை காட்டியது. அதற்குள் ‘தொண்டி’ காலி. ஆர்எம் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. வன்தட்டில் இருந்த காப்பு நகல் ஒரு வாரப் பழசு. மீதிக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். வருமானம் இல்லாத நாளில் மறுபடி பஸ் ஏறி வந்தார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து பெயரை முழுதாக அடிப்பதில்லை. இரண்டெழுத்து போட்டு டேப் தட்டினால் இடைவெளிக்கு முன் பின்சாய்கோட்டை (\) அதுவே போட்டுவிடும். ஆர்எம்முக்குப் பெரிய ஐ விருப்பத்தைச் சேர்த்தால், கோப்புறையை அழிக்கும் முன் ஒரு தடவை கேட்கும். ‘-2 பக்கம்’ போல கோடு முன்னால் நிற்கும் பெயருக்கு ./ சேர்த்தால் போதும். மொத்தமாகக் கையாள, பெயர்களைத் தேடித்தரும் ஃபைண்ட் -பிரிண்ட்0, அவற்றை வாங்கி வேறு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் -0 ஜோடி. லினக்ஸ் கோப்புப் பெயரில் வரக்கூடாதவை சாய்கோடும் (/) மதிப்பு பூஜ்யமான சுழி பைட்டும் மட்டுமே. அந்தச் சுழியை வைத்துப் பிரிப்பதால் எந்தப் பெயரும் உடையாது.

தமிழ்ப் பெயரில் இருக்கும் சிக்கலை நான் எங்கும் படித்ததில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் ‘தொண்டி’ என்று இரண்டு கோப்புறைகள் அருகருகே நின்றன. எழுத்தில் துளி வித்தியாசம் இல்லை. பைட்டை எண்ணினால் ஒன்று 18, மற்றது 21. ‘தொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். பெயருக்கு உச்சவரம்பு 255 பைட் என்பதால், புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேர்ந்து, நீளமான தமிழ்ப் பெயர் சீக்கிரமே முட்டிக்கொள்ளும்.

இதற்குக் கைகொடுத்தது கோப்புப் பெயர்களின் குறியீட்டை மாற்றும் கன்வ்எம்வி. அதன் --என்எஃப்சி விருப்பம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். நோடெஸ்ட் என்று சொல்லும்வரை எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். அந்த நிதானத்துக்காகவே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஏற்கனவே அந்தப் பெயர் இருந்தால் மேலே எழுதாது; உள்ளிருப்பதைக் கையால் சேர்க்க வேண்டும்.

தடைக்காலம் தொடங்கும் முன் வருடா வருடம் ஒருமுறை கன்வ்எம்வியை ஓட்டிவிடுகிறேன். போன தடவை மோர்ப்பண்ணை ஊர்க் கோப்புறையும் இரண்டாக நின்றது.