மோட்டாருக்கு முழு மார்க், தலைக்கு பூஜ்யம்

இது 18 வயது தாண்டியவர்களுக்கான ரிவ்யூ. கூச்சப்படுகிறவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

நானும் என் துணையும் மூன்று மாதமாக ஒரு செக்ஸ் மெஷின் கிட்டைப் பயன்படுத்துகிறோம், பாகங்களாக வந்து நாமே பூட்டிக்கொள்கிற ரகம். ஒரு 12 வோல்ட் கியர் மோட்டார், அதன் ஷாஃப்டில் ஒரு வட்டத் தட்டு, தட்டு சுற்றச் சுற்ற முன்னும் பின்னும் போய்வரும் கம்பி, கம்பியின் நுனியில் மாட்ட 'சிலிகான்' தலை, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், ஒரு அடாப்டர். கூடவே இலவசமாக ஒரு குட்டி வைப்ரேட்டருக்கான சாமான்களும் பெட்டியில் இருந்தன. பெயர் சொல்லப் போவதில்லை, இதே சாமான்கள் வேறு வேறு பெயர்களில் விற்பதைப் பார்த்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், மோட்டார் அருமை. கார் வைப்பரில் இருப்பது போன்ற வார்ம் கியர் (திருகு மாதிரியான தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) மோட்டார், கிட்டத்தட்ட நகர்வதே தெரியாத வேகத்தில் விட்டாலும் திணறுவதில்லை. கன்ட்ரோலரும் பிடபிள்யூஎம் வகை, அதாவது வோல்டேஜைக் குறைப்பதற்குப் பதிலாக மின்சாரத்தை மிக வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும், அதனால் மெதுவாகப் போகும்போதும் இழுவை குறையாது. ஒரே குறை, அந்த விட்டு விட்டுக் கொடுப்பது காதில் விழுகிற அளவில் இருப்பதால் குறைந்த வேகத்தில் கொசு மாதிரி ஒரு 'ஙொய்' கேட்கிறது. பாட்டு போட்டால் தெரியாது.

சரி, இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

பூட்டி முடித்த அன்று மேஜை மேல் வைத்து பிளக்கைச் சொருகினேன். குமிழ் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை. முக்கால் வேகத்தில் இருந்திருக்கிறது. சொருகிய நொடியில் கம்பி பாய்ந்து எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டது. பாட்டிலோடு போயிற்று, அந்த இடத்தில் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றைக்கு அதற்கு மேல் தொடவே இல்லை. நல்ல கன்ட்ரோலர் என்றால் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து திரும்ப ஏற்றினால்தான் கிளம்பும். இதில் அது கிடையாது, நிறுத்த தனி சுவிட்சும் கிடையாது. தட்டினால் அமுங்கி அப்படியே நிற்கும் பெரிய சிவப்பு பட்டன் ஒன்றை வாங்கி, அடாப்டரிலிருந்து வரும் ஒயரையே அது துண்டிக்கும்படி வைத்தேன். நீளமான ஒயரில் அது எப்போதும் யார் படுத்திருக்கிறார்களோ அவர் கையில்தான் இருக்கும், மெஷினை ஓட்டுகிறவர் கையில் இல்லை. இதில் எங்கள் வீட்டில் விவாதமே கிடையாது.

அடுத்து பலம். விளம்பரத்தில் 'சக்திவாய்ந்தது' என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள், எவ்வளவு என்று பார்க்க எடை பார்க்கும் மெஷினைச் சுவரோடு நிற்கவைத்து கம்பியை அதில் மோதவிட்டேன். 22 கிலோ காட்டியது. இந்த அமைப்பின் குணமே அப்படி, தட்டு சுற்றி கம்பி கடைசி எல்லையை நெருங்க நெருங்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், அதுவும் உடம்புக்குள் ஆழமாக இருக்கிற கட்டத்தில். வார்ம் கியரோ கையால் பின்னுக்குத் தள்ளினால் சுற்றாது, பவர் போனாலும் நின்ற இடத்திலேயே பூட்டு போட்டது மாதிரி நிற்கும். அதனால் மெஷினைக் கட்டிலோடு ஆணி அடித்த மாதிரி இறுக்க வேண்டாம், ஆள் காலால் உதைத்தால் பின்னால் நகர்கிற மாதிரி இருக்கட்டும். கம்பி போய்வரும் தூரம், தட்டில் ஓட்டை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைப் போல இரண்டு மடங்கு. 3 சென்டிமீட்டர் ஓட்டையில் மாட்டினால் 6 சென்டிமீட்டர். நாங்கள் ஆகக் குறைந்த ஓட்டையில் ஆரம்பித்தோம், இன்னும் அதிலேயேதான் இருக்கிறோம், போதும்.

அடாப்டரில் எந்தச் சான்றுக் குறியும் இல்லை, தொட்டால் சுட்டது. தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் அடாப்டர்கள் மாதிரி சதுரத்துக்குள் சதுரம் குறி (இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம்) உள்ள நல்ல 12 வோல்ட் அடாப்டர் ஒன்றையும் நடுவில் ஒரு ஃபியூஸையும் போட்டேன். ஈரமும் வெற்று உடம்பும் சேர்கிற இடத்தில் அடாப்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது தலை. பெட்டியைப் பிரித்ததும் புது செருப்புக் கடை வாசனை. சோப்பு போட்டுக் கழுவி இரண்டு நாள் வைத்தும் போகவில்லை, வைத்த காகிதத்தில் எண்ணெய்க் கறை வேறு. சந்தேகத்தில் அடிப்பகுதி ஓரத்திலிருந்து நகத்தளவு வெட்டி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். சிலிகான் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். இது உருகிச் சொட்டி கறுப்புப் புகை விட்டது. இந்த மாதிரி மலிவான மெத்துப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், மேலே கழுவினாலும் உள்ளே போன அழுக்கு போகாது. ஆணுறை மாட்டிப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் குப்பையில் போட்டேன்.

நானே வார்க்கலாம் என்று பிளாட்டினம் க்யூர் சிலிகான் (இரண்டு பாகங்களைக் கலந்தால் பிளாட்டினத்தின் உதவியால் இறுகுகிற ரகம்) வாங்கினேன், அதில் ஒரு பாடம். முதல் வார்ப்பு நாலு நாள் ஆகியும் மேலெல்லாம் பிசுபிசுவென்றே இருந்தது. காரணம் என் கையுறை! லேடெக்ஸில் உள்ள கந்தகம் பட்டால் இந்த சிலிகான் இறுகாது, நைட்ரைல் கையுறை மாற்றியதும் சரியாயிற்று. சிலவகை 3டி பிரிண்ட் ரெசின் அச்சுகளிலும் இதே தொல்லை வரும். அச்சு வேண்டாம், நேரடியாக பிரிண்ட் செய்தே பயன்படுத்தலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். வரி வரியாக இருக்கும் பள்ளங்களில் அழுக்கு தங்கும், பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பதால் கொதிக்க வைக்கவும் முடியாது. ஆசனவாயில் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: கம்பியில் திருகியிருந்தாலும் தலையின் அடி அகலமாக விரிந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தில் திருகு கழன்று தலை உள்ளேயே நின்றுவிட்டால் அந்த அகலம்தான் வெளியே பிடித்து நிறுத்தும். இந்தப் பொருட்களுக்கென்றே 2021-ல் ஐஎஸ்ஓ 3533 என்ற தரநிலை வந்திருக்கிறது, கிட் விற்றவர் கேள்விப்பட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. தலையைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் வாசனை இல்லாத சோப்பு, நன்றாகக் காயவிட்டு பருத்திப் பையில். முழுக்க சிலிகான் என்பதால் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கிறோம், அதற்கென்று தனிப் பாத்திரம் (ஆமாம், தனிப் பாத்திரம், கேட்காதீர்கள்). லூப்ரிகன்ட் தண்ணீர் சார்ந்தது மட்டும், சிலிகான் லூப் சிலிகான் தலையையே ஊறவைத்துக் கெடுக்கலாம். கம்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வழித்துத் துடைத்துவிடுவேன், லேடெக்ஸ் ஆணுறை போடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகிக் கிழியும்.

இலவச வைப்ரேட்டர்? நாணய அளவு மோட்டார், 'ஙீ' என்று மேலோட்டமாக அதிர்ந்து ஐந்து நிமிடத்தில் மரத்துப்போக வைக்கிறது. உள்ளே ஓரம் கனத்த ஒரு துண்டு சுற்றுவதுதான் இந்த அதிர்வு. துண்டு சிறியது, வேகம் அதிகம் என்றால் இப்படித்தான். ஆழமான அதிர்வு வேண்டுமென்றால் கனமான துண்டு மெதுவாகச் சுற்றுகிற பெரிய மோட்டார் பாருங்கள். இதில் என்னைப் பயமுறுத்தியது வேறு. கூட வந்த லித்தியம் பேட்டரி 300 மில்லி ஆம்பியர் மணி, சார்ஜ் போர்டு டிபி4056. எவ்வளவு மின்சாரம் தள்ள வேண்டும் என்பதை முடிவு செய்ய அந்த போர்டில் வருவது 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதனால் போர்டு 1 ஆம்பியர் வரை தள்ளும், இந்தச் சின்ன பேட்டரிக்கு மூன்று மடங்குக்கும் மேல். கடுகு அளவு ரெசிஸ்டரை உருக்கி எடுத்து 5 கிலோ ஓம் வைத்தேன், 250 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. சால்டரிங் தெரியாதவர்கள் அந்தப் பொட்டலத்தைத் திறக்கவே வேண்டாம். தெரிந்தாலும் பேட்டரியை உடம்புக்கு வெளியே, ஒயரின் மறுமுனையில் வையுங்கள்.

கடைசியாக ஒரு திருகு. தட்டை ஷாஃப்டோடு பிடிக்கும் குட்டி ஸ்க்ரூ இரண்டாவது வாரமே தளர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் 'டொக்' என்றது. ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் லாக் திரவம் விட்டு இறுக்கி, தட்டிலிருந்து ஷாஃப்ட் வரை சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தொடங்கும் முன் துணைதான் டார்ச் அடித்துப் பார்ப்பார், கோடு உடைந்திருந்தால் அன்றைக்கு மெஷினுக்கு லீவு.