"வளர்ற பிள்ளைதானே சார்" என்று கடைக்காரர் சொன்னால் பேட்டைக் கீழே வைத்துவிடுங்கள்

பிள்ளைக்கு முதல் சாஃப்ட்பால் பேட் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்த கதைதான். பாதித் தப்பு என்னுடையது, அதையும் ஒளிக்கப் போவதில்லை.

மகளுக்கு 10 வயது. அணியில் சேர்ந்த வாரமே ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் பேட், கிளவுஸ், ஹெல்மெட் மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிட்டேன். அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பேஸ்பால் மாதிரி, பந்து மட்டும் அதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதுதான். கடைக்காரருக்கு இது முதல் நிமிடத்திலேயே புரிந்திருக்கும். 31 அங்குல பேட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மகள் அதை ஒரு வீச்சு வீசினாள். பேட் போன பக்கமே அவளும் ஓரடி போனாள்.

"கனமா இருக்கே" என்றேன்.

"வளர்ற பிள்ளைதானே சார், சின்னதா வாங்கினா அடுத்த வருஷமே பத்தாது. கனமா இருந்தாத்தான் பந்து தூரம் போகும்."

பிள்ளைகளுக்குச் செருப்பைக்கூட ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிப் பழகியவன் நான். தலையாட்டிவிட்டேன்.

முதல் போட்டியன்று ஆட்டம் தொடங்கும் முன் அம்பயர் கையில் ஒரு வளையத்தோடு வந்தார். வரிசையாகக் கிடந்த பேட்களை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் நுழைத்துப் பார்த்தார். எல்லாம் சரக்கென்று போய் வந்தன. மகளுடைய பேட் மட்டும் நுனியிலேயே நின்றுவிட்டது. அவர் இன்னொரு தரம் முயற்சி செய்யக்கூட இல்லை. "இது பேஸ்பால் பேட்" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஷூ லேஸைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். சாஃப்ட்பால் பேட்டில் பந்தில் படும் தடித்த பாகம், அதாவது பேரல், 2.25 அங்குல விட்டத்தைத் தாண்டக் கூடாது. நீளம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பேஸ்பால் பேட்களில் 2.63 அங்குலம் வரை தடித்த பேரல் சர்வசாதாரணம். எங்கள் பேட் அந்த வகை. நிழலில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது கழுத்துப் பக்கம் ஒட்டியிருந்த தள்ளுபடி ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. நகத்தால் சுரண்டினேன். அடியில் வட்ட முத்திரை, அதில் தெளிவாக "பேஸ்பால்" என்ற சொல். முத்திரையின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியது தற்செயல் என்று நம்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கனத்துக்கு வருகிறேன். பேட்டில் டிராப் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அவுன்ஸ் எடையிலிருந்து அங்குல நீளத்தைக் கழித்தால் வருவது. எங்களுடையது 31 அங்குலம், 26 அவுன்ஸ், ஆக டிராப் மைனஸ் 5. கோச் பிறகு அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது 28 அங்குலம், மைனஸ் 11, அதாவது 17 அவுன்ஸ். வித்தியாசம் 9 அவுன்ஸ், ஏறக்குறைய கால் கிலோ. சின்னப் பிள்ளை கையில் கால் கிலோவை அதிகமாகக் கொடுத்துவிட்டு வேகமாக வீசு என்றால் எப்படி வீசும்? கனமான பேட் பந்தைத் தூரம் தள்ளும் என்பது அதை வேகமாக வீச முடிகிறவர்களுக்குத்தான்.

ஹெல்மெட் கதைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முகக் கம்பி இல்லாத ஹெல்மெட் அது. கேட்டதும் கடைக்காரர் உள்ளே போய் ட்ரில் எடுத்து வந்து, என் கண் முன்னாலேயே நாலு ஓட்டை போட்டு வேறேதோ கம்பியைத் திருகிக் கொடுத்தார். கைவேலை பிரமாதம் என்று நானே பாராட்டினேன்! அப்படி ஓட்டை போட்ட கணமே ஹெல்மெட்டின் பாதுகாப்புச் சான்று செல்லாமல் போய்விடும் என்று கோச் சொல்லித்தான் தெரியும். நாக்சே (NOCSAE) என்ற பாதுகாப்புத் தர முத்திரையுள்ள ஹெல்மெட்டையும், அதற்கென்றே தயாரித்த முகக் கம்பியையும்தான் வாங்க வேண்டும். போட்டுவிட்டு ஹெல்மெட்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். நெற்றித் தோலும் கூடவே அசைந்தால் அளவு சரி. எங்களுடையது தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் என்று சுற்றியது.

கிளவுஸும் பேஸ்பாலுக்கானதே. பேஸ்பால் பந்தின் சுற்றளவு சுமார் 9 அங்குலம். சின்னப் பிள்ளைகள் ஆடும் சாஃப்ட்பால் பந்து 11, பெரியவர்களுக்கு 12. குழி ஆழமில்லாததால் பந்து பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "பேட்ல பந்து பட்ட தடம் இருக்கு, எடுத்துக்க முடியாது" என்றார். சாஃப்ட்பாலுக்கென்றுதானே கேட்டேன் என்றால், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார். பில்லில் வெறுமனே "பேட் 1" என்று இருக்கிறது. நீங்களாவது பில்லில் "சாஃப்ட்பால் பேட்" என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது தடவை கோச்சும் கூட வந்தார். எந்தச் சான்று முத்திரை உள்ள பேட்டை அனுமதிப்பார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறுமாம், அதை முதலில் கேட்டுக்கொண்டார். சாஃப்ட்பாலிலேயே பந்தை மெதுவாக எறியும் ஸ்லோபிட்ச், வேகமாக எறியும் ஃபாஸ்ட்பிட்ச் என்று இரண்டு வகை ஆட்டத்துக்கும் தனித்தனி பேட்கள் உண்டு, மாற்றி வாங்கிவிடக் கூடாது என்றார். அப்புறம் மகளை நிற்கவைத்து, கைப்பிடிக் குமிழை நெஞ்சின் நடுவில் வைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். விரல் நுனி பேரலின் முனையைத் தொட்டது. அடுத்து ஒற்றைக் கையால் பேட்டை நீட்டிப் பிடிக்கச் சொல்லி எண்ணினார். 20 வரை கை இறங்கவில்லை. பழைய பேட்டில் நான் வீட்டில் எண்ணியபோது 6-க்கே இறங்கிவிட்டது. கடையிலிருந்த வேறொரு பேட்டைக் காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே ஏதோ கடகடக்கிறது என்று ஒதுக்கினார்.

ஓட்டை போட்ட ஹெல்மெட்டை வேறு எந்தப் பிள்ளையும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று உடைத்தே போட்டேன். பேட்டும் கிளவுஸும் பேஸ்பால் ஆடும் ஒரு பையனிடம் போய்விட்டன. அவனுக்குக் கிளவுஸ் கச்சிதம். பேட்டை வாங்கி இரண்டு சுழற்று சுழற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல பேட் அங்கிள், ஏன் குடுத்துடறீங்க?" என்றான்.