பேசி முடிப்பதா, பொலிஸா, மாவட்டக் கோடா (நீதிமன்றமா): பைக் விபத்துக்குப் பிறகு எந்த வழி?

போன மாரிப் போக அறுவடை நேரம், கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடையில், பின்லைட் இல்லாத ஒரு லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) என் தம்பி இரவு எட்டு மணிக்கு மோதினான். நாங்கள் 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் வருவதற்கு முன்னமே பேசி முடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். "பொலிஸ் எல்லாம் வேணாம் தம்பி, கோடு கச்சேரி என்று அலையப் போறியா" என்று தேத்தண்ணிக் கடை வாசலில் வைத்து 25,000 ரூபாயைக் கையில் வைத்து ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகுதான் முழங்கால் சவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது. இன்றைக்கும் அவனால் மேசன் வேலைக்கு ஏணி ஏற முடியவில்லை. அன்று எங்களுக்கு முன்னால் வேறு என்னென்ன வழிகள் இருந்தன என்பதை அப்புறம் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

அந்த இடத்திலேயே பேசி முடிப்பது

காசு உடனே கைக்கு வரும், பைக் பொலிஸுக்குப் போகாது, வேலை நாள் வீணாகாது. கீறல், உடைந்த இண்டிகேட்டர், வளைந்த ஹேண்டில் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை, நானே அப்படித்தான் செய்வேன். ஆனால் உடம்பில் அடிபட்டிருந்தால் இந்த வழிதான் மற்ற எல்லாவற்றையும் விட ஆபத்தானது, ஏனென்றால் விழுந்த அன்று உடம்பு சூட்டில் வலி தெரியாது, தலைக்குள்ளேயோ முதுகிலேயோ மூட்டிலேயோ பட்ட அடி நாள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டால், பிறகு எங்கே போனாலும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். கட்டாயம் காசு வாங்கத்தான் வேண்டும் என்றால் "மருந்துச் செலவுக்கு முற்பணம்" என்று மட்டும் எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு சொல் வித்தியாசம்தான், அதற்குள் ஒரு வருட வருமானம் இருக்கிறது.

பொலிஸ் என்ட்ரியும் நீதவான் நீதிமன்றமும்

எங்கள் ஆட்கள் பொலிஸுக்குப் பயப்படுவது முக்கியமாக இரண்டு காரணத்துக்காக. ஒன்று, மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து முடியும்வரை பைக் அங்கே நிற்கும். மற்றது, லைசன்ஸோ இன்சூரன்ஸோ காலாவதியாகி இருக்கும். இரண்டாவதற்குத் தண்டம் கட்ட வேண்டி வரலாம், உண்மைதான், ஆனால் மற்றவரின் பிழையால் வந்த நட்டத்தைக் கேட்கும் உரிமை அதனால் அழிந்துபோகாது. இதைத் தெரியாமல் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

என்ட்ரி போட்டால், அதாவது பொலிஸில் முறைப்பாடு பதிந்தால், இரண்டு விடயம் தானாக நடக்கும். இடத்தைப் பார்த்து வரைபடம் கீறுவார்கள், வைத்தியசாலையில் சட்ட மருத்துவ அதிகாரி காயங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனையோ அம்பாறையோ, எங்கே சேர்த்தாலும் "விபத்து" என்று சொல்லியே சேர்க்க வேண்டும். "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிச் சேர்ந்தவர்களையும் எனக்குத் தெரியும், பிறகு அந்த வைத்தியசாலைத் துண்டே அவர்களுக்கு எதிராக நின்றது.

அம்பாறைப் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, கீழே கையெழுத்து மட்டும் கேட்கப்படும். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி, அரசியலமைப்பிலேயே உள்ள விடயம். தமிழில் எழுதச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். மரியாதையாகக் கேட்டால் போதும், சண்டை பிடிக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த வழி காசு தரும் என்று நம்பி இருக்காதீர்கள். நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது சாரதிக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் அது அரசாங்கத்துக்குப் போகும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிட நீதவானுக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. கேட்க ஆள் இல்லாத வழக்கில் அது நினைவுக்கே வராது, அதனால் வழக்குத் தவணை நாளுக்குப் போங்கள், சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

மத்தியஸ்த சபை

நீதிமன்றத்துக்குப் போகாமல் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் சபை இது. கோரிக்கை சிறியது, இரண்டு பேரும் பக்கத்து ஊர் என்றால் பரவாயில்லை. செலவில்லை. சட்டத்தரணி உங்களுக்காக அங்கே பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். பெரிய காயத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

மாவட்ட நீதிமன்றமும் எதிராளியின் இன்சூரன்ஸும்

உண்மையான தொகை இங்கேதான் இருக்கிறது. வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத நாள்கள், இனிமேல் உழைக்க முடியாமல் போன பங்கு, வலியும் வேதனையும், எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால், கடைசியில் காசு கட்டுவது பெரும்பாலும் கம்பனி, அந்த ஏழைச் சாரதி அல்ல. "பாவம், அவனுக்கும் பிள்ளை குட்டி" என்று விட்டுக்கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டு தேதிகளைச் சுவரில் எழுதி வையுங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம், பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். மற்றது, வழக்குப் போடுவதற்கு முன்போ போட்டு 7 நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போக வேண்டும். இல்லாவிட்டால் தீர்ப்பு வந்தாலும் கம்பனி கையை விரித்துவிடலாம். அதனால்தான் அந்த இடத்திலேயே எதிராளியின் இன்சூரன்ஸ் கார்டை போனில் படம் எடுக்க வேண்டும், இலக்கத் தகட்டோடு சேர்த்து.

குறை என்ன? வருடக்கணக்கில் இழுக்கும். உங்களிலும் பிழை இருந்தால், ஹெல்மெட் போடாமலோ வேகமாகவோ போயிருந்தால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும். ஆனால் முழுதாக இல்லாமல் போகாது. பிறகு வருமான அத்தாட்சி. தோணிக்குப் போகிறவருக்கும் வயல் செய்கிறவருக்கும் சம்பளத் துண்டு ஏது? கிராம சேவகரின் கடிதம், மீனவர் சங்கம், கமநல சேவை நிலையம், கூலிக்கு எடுத்த பாஸ் (மேசன் தலைவர்) எழுதிக் கொடுக்கும் கணக்கு, எதுவானாலும் ஆரம்பத்திலேயே சேர்க்க வேண்டும். மருந்துப் பற்றுச்சீட்டும் அப்படித்தான், ஆட்டோவுக்குக் கொடுத்ததைக்கூட ஒரு கொப்பியில் தேதியோடு எழுதுங்கள்.

உங்கள் சொந்தப் பைக்குக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் அது உங்கள் காலுக்கோ பைக்குக்கோ ஒரு சதமும் தராது. பைக் நட்டத்துக்கு முழுக் காப்புறுதி வேண்டும்.

என்னைக் கேட்டால், அடிபட்டிருந்தால் முதலில் என்ட்ரி, பிறகு வைத்தியம். காயம் எந்த அளவுக்கு ஆறும் என்று வைத்தியர் சொன்ன பிறகே பேச்சு, அதுவும் சாரதி, உரிமையாளர், கம்பனி மூன்று பேருக்கும் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் போன பிறகு. அந்த நிலையில் பேசி முடித்தால் அது நல்ல சமாதானம், தேத்தண்ணிக் கடை வாசல் சமாதானம் அல்ல. அவர்கள் இறங்கி வராவிட்டால், 2 வருடம் முடிவதற்கு முன் மாவட்ட நீதிமன்றம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

உயிர் போன வீட்டில் நிலைமை வேறு. 31ஆம் நாள் கிரியைக்கு முன்னமே எதிராளி வீட்டார் காசோடு வருவார்கள், ஜனாஸா வீடு என்றால் அடக்கும் அவசரத்தில் மரண விசாரணையைச் சீக்கிரம் முடிக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மரண விசாரணை அதிகாரியிடம் சொல்வது பிறகு சாட்சியாக நிற்கும், அழுதுகொண்டிருக்கும் மனைவியை அனுப்பாமல், நிதானமாகப் பேசக்கூடிய ஒரு மச்சானோ பெரியப்பாவோ போகட்டும். செத்தவீட்டுச் செலவுக்குக் காசு தந்தால் வாங்குங்கள், அதில் தப்பில்லை. தாளில் "செத்தவீட்டுச் செலவுக்கு மட்டும்" என்று எழுதுங்கள், ஏனென்றால் அந்த உழைப்பில் வாழ்ந்த பிள்ளைகளின் பராமரிப்புக்குக் கேட்பது தனிக் கோரிக்கை, அதற்கும் இதே 2 வருடம்தான்.