குருநகர் உப்புக்காற்றில் ஒரு மின்கிற்றார்: நிறமும் பூச்சும்

என்னிடம் இருப்பது ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில், நடுவில் மஞ்சளாக இருந்து விளிம்பை நோக்கிச் சிவந்து கறுக்கும் மூன்று நிறச் சன்பேர்ஸ்ட் பூச்சுடன் வந்த மின்கிற்றார். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். கல்யாண வரவேற்பு, மாதா கோயில் பெருநாள், அம்மன் கோயில் திருவிழா மேடை என்று பல வருடங்களாக அதனோடுதான் போய்வருகிறேன். ஒலியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது பூச்சைப் பற்றி. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல்நீரேரிப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று யாழ்ப்பாணம் குருநகரில் உள்ள எங்கள் வீட்டு யன்னல் கம்பியையே தின்றுவிடும். அந்தக் காற்றில் எது நிலைக்கிறது, எது நிலைக்கவில்லை என்பது கடையில் நின்று பார்க்கும்போது தெரியாது.

உடற்பகுதியின் பூச்சு பொலியெஸ்ரர். தடிப்பானது, கடினமானது, வியர்வையும் வெயிலும் அதை ஒன்றும் செய்யவில்லை. மேடையிலிருந்து இறக்கும்போது பெட்டி மூலையில் இடித்து, விளிம்பில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்தது. அந்தக் குழியில் சுப்பர் குளூவைத் துளித்துளியாக விட்டு, காய்ந்த பின் தேய்த்து மட்டமாக்கினேன். தடவிப் பார்த்தால் இடம் தெரியாது.

கழுத்துத்தான் பிரச்சினை. அதற்கும் அதே பளபளப்பு. வைகாசி இரவில், மேடை விளக்குகளின் சூட்டில், இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பெருவிரல் கழுத்தின் பின்புறத்தில் ஒட்டத் தொடங்கும். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் ஐந்தாவதிலிருந்து பன்னிரண்டாவதுக்குத் தாவும்போது விரல்கள் போய்விடும், பெருவிரல் அரைக்கணம் பின்தங்கும். கேட்பவர்களுக்கு அது பிந்தி விழுந்த ஸ்வரம். துடைத்தும் பார்த்தேன், பவுடர் பூசியும் பார்த்தேன். அடுத்த பாட்டில் மறுபடி ஒட்டியது. கடைசியில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் பயன்படுத்தும் 1500 இலக்க அரத்தாளை எடுத்து, கழுத்தின் பின்புறத்தை மட்டும் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். பளபளப்பு போய் மங்கலானது. அன்றிலிருந்து கை வழுக்கிக்கொண்டு போகிறது. மாதங்கள் போகப் போக, கை உரசி உரசி அந்த இடம் மறுபடி மினுங்கும். மறுபடி இரண்டு தேய்ப்புப் போதும். மங்கல் பூச்சோடு வரும் எல்லாக் கிற்றார்களுக்கும் இந்த இயல்பு உண்டு. உடலும் மங்கலாக இருந்தால் முன்னங்கை படும் இடம் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கி அசிங்கமாகத் தெரியும். அதனால் என் விருப்பம் தெளிவானது: உடல் பளபளப்பு, கழுத்து மங்கல்.

எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணையிடம் நைற்றோசெலுலோஸ் லாக்கர் பூச்சுள்ள கிற்றார் இருக்கிறது. மெல்லிய பூச்சு, மரம் கைக்குத் தெரியும், அழகாக மூப்படையும் என்று அதற்கு உலகமெங்கும் பக்தர்கள். அழகு உண்மை. ஆனால் இந்த லாக்கர் சில வகை றப்பரோடும் பிளாஸ்ரிக்கோடும் சேர்ந்தால் இளகிவிடும். இரவல் தாங்கியில் சில நாள் நின்ற அவருடைய கிற்றாரின் பின்புறத்தில் இரண்டு தழும்புகள் நிரந்தரமாகிவிட்டன. அன்றிலிருந்து தாங்கியின் கைகளில் பருத்தித் துணி சுற்றாமல் வைக்கமாட்டார். "தம்பி, இதைப் பிள்ளை மாதிரிப் பார்க்கவேண்டும்" என்பார். அவர் பார்க்கிறார். மேடை மேடையாக அலையும் எனக்கு அது சரிவராது.

வியர்வை பூச்சை என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்றே உண்டு. கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட முதல் லெஸ் போல் வகைக் கிற்றார் தங்க நிறத்தில் வந்தது. அந்தத் தங்கம் லாக்கரில் கலந்த வெண்கலத் தூள். கை படும் இடத்தில் மேல்பூச்சுத் தேய்ந்ததும் உலோகத் தூள் களிம்பேறிப் பச்சையாகும். 1958-இல் வந்த செரி சன்பேர்ஸ்டில் சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளிறி, சில கிற்றார்கள் வெறும் மஞ்சளாகவே போயின. இன்று அந்த வெளிறலைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

உலோகப் பகுதிகளுக்கும் இங்கே தனிக் கணக்கு. உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் மாற்றும் சின்னத் தலையில்லா ஆணிகள் இருக்கின்றனவே, என் கிற்றாரில் முதலில் துருப்பிடித்தவை அவைதான். உள்ளங்கை தங்கும் இடம் என்பதால் வியர்வை நேராக அங்கே இறங்கும். துருவேறிய பின் சாவி பிடிக்காமல் சுழலும். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது. தங்க முலாம் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், அது உள்ளங்கை படும் இடத்தில் முதலில் தேயும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். கட்டைகளும் துருப்பிடிக்காத எஃகில் வந்தால் கடலோரத்தில் வாசிப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. இப்போது அது பெரும்பாலும் விலை கூடிய வகைகளில்தான் கிடைக்கிறது.

நிறத்துக்கு வருகிறேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஃபெண்டரின் விசேட நிறங்கள் கார்களுக்கு அடிக்கும் டூபொன்ற் பெயின்றிலிருந்து வந்தவை. ஃபியெஸ்ரா சிவப்பு 1956 போர்ட் தண்டர்பேர்ட்டின் நிறம். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் ஓடிய நினைவு உள்ளவர்களுக்கு அந்தக் காலத்துச் சாம்பல் பச்சையும் பால் கலந்த நீலமும் கண்ணுக்குள் நிற்கும். ஒரு மைனர் பச்சைக் கிற்றார், தலைப்பகுதியும் அதே நிறத்தில், உடலை உரசலிலிருந்து காக்கும் வெள்ளைக் கவசத்தகட்டுடன். இதுதான் என் நெடுநாள் ஆசை. உடலுக்கு நிறம் அடிப்பவர்கள் தலையை வெறும் மரமாக விட்டுவிடுவது எனக்கு எப்போதுமே குறையாகத்தான் படுகிறது.

இடது கைக்காரர் நிலை இன்னும் மோசம். என் அக்காவின் மகன் இடது கையால் வாசிக்கிறான். பட்டியலில் பத்து நிறம் இருந்தால் அவனுக்குக் கிடைப்பது கறுப்பு, இல்லாவிட்டால் சன்பேர்ஸ்ட். வடிவத்தைத் திருப்பி வெட்டுவது தனி வேலை, விலை கூடுவது நியாயம். ஆனால் பெயின்றுக்கு இடது வலது உண்டா?

அவனுக்குக் கறுப்புத்தான் வந்தது. அதற்கு நிறம் மாற்ற வாகனப் பட்டறையில் கேட்டோம். நீங்களும் அப்படி எண்ணினால் ஒன்றைக் கவனியுங்கள்: பொலியெஸ்ரர் பூச்சு சாதாரண பெயின்ற் நீக்கிக்கு அசையாது, அதை உரிக்க முயன்று மரத்தைக் கெடுக்கவேண்டாம். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதன் மேலேயே அடிக்கச் சொல்லுங்கள். கழுத்து பொருந்தும் குழிக்குள் மட்டும் பெயின்ற் படாமல் மறைக்கவேண்டும், இல்லாவிட்டால் கழுத்து இறுகி உட்காராது. மழைக்காலத்தில் கொடுக்காதீர்கள், ஈரக் காற்றில் பூச்சில் வெண்மை படியலாம். மருமகனின் கிற்றார் தைப்பொங்கல் கழியப் பட்டறைக்குப் போகிறது. நிறத்தை அவனே தெரிவுசெய்துவிட்டான்: மாம்பழ மஞ்சள், தலைப்பகுதியும் சேர்த்து.