பில்லில் 6 ஸ்கொயர் ஒயர், சுவருக்குள் ரெண்டரை: 18,400 ரூபாய் போச்சு

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் நான் கொடுத்த புகாரை இன்று காலை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். எதுவும் தீரவில்லை. பெங்களூரில் சமையலறைக்குப் புது கரண்ட் லைன் இழுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். நாலு அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த மின்சார குக்கிங் ரேஞ்ச் வாங்கினோம். பின்பக்க லேபிளில் 230 வோல்ட், 7 கிலோவாட் என்று போட்டிருந்தது. 7000-ஐ 230-ஆல் வகுத்தால் 30 ஆம்பியரைத் தாண்டுகிறது. 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது, டிபியிலிருந்து (வீட்டுக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனி லைன், 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவை மீறினால் தானே விழுந்து அணைக்கும் சுவிட்ச்), 6 ஸ்கொயர், அதாவது 6 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள காப்பர் ஒயர் வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் ஆளைக் கூப்பிட்டேன். அந்தச் செயலி வழியாகத்தான்.

வந்தவர் வாசலிலேயே நம் பேச்சைக் கேட்டுவிட்டு, "நானும் கிருஷ்ணகிரிப் பக்கம்தான் அக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பாதி நம்பிவிட்டேன். மீதியையும் அவரே வாங்கிக்கொண்டார். டிபி மூடியைக் கழற்றி, ஒயர் முனையை என் கையில் வைத்து, "எவ்வளவு கனம் பாருங்க, மேல 6-ன்னு அச்சு இருக்கு பாருங்க" என்று காட்டினார். பார்த்தேன். அடுப்புப் பக்கத்து முனையையும் பார்த்தேன். இரண்டிலும் 6 இருந்தது. ஒயர் காயில் 8,600, எம்சிபியும் சுவிட்சும் பெட்டியும் 2,900, கூலி 6,900. மொத்தம் 18,400 ரூபாய். மிச்ச ஒயரைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் தருவதாகச் சொல்லி எடுத்துப் போனார். காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

போன ஞாயிறு மகன் பிறந்தநாள். ஓவனில் கேக், மேலே மூன்று அடுப்பும் எரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து பிளாஸ்டிக் கருகும் வாடை. பரண் பக்கம் சுவரைத் தொட்டால் சுடுகிறது. மெயினை அணைத்துவிட்டு, தெருமுனையில் இருக்கும் வயதான எலக்ட்ரீஷியனை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

பரணில் ஒரு ஜங்ஷன் பெட்டி. மூடி வெந்து வளைந்திருந்தது. உள்ளே, டிபியிலிருந்து வந்த 6 ஸ்கொயர் ஒயர் ஒன்றரை அடியில் முடிந்து, ரெண்டரை ஸ்கொயர் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் கூழாக உருகி, செம்பு கறுத்துப் போயிருந்தது. அடுப்புப் பக்கப் பெட்டியிலும் அதேபோல ஒரு முறுக்கு. நடுவில் 12 மீட்டர் முழுக்க ரெண்டரை. அந்தப் பரண் பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் எங்கள் கொலு பொம்மைகள், எல்லாம் பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி.

எம்சிபி ஏன் விழவில்லை என்று கேட்டேன். "அது காப்பாத்துறது ஒயரைத்தாம்மா, அடுப்பை இல்ல. நாம போட்ட ஒயருக்குத் தக்கபடி போட்டாத்தான் காப்பாத்தும்" என்றார். சுவருக்குள் பைப்பில் போகும் ரெண்டரை ஒயர் தாங்குவது 20 ஆம்பியர் சுமாருக்குத்தான். 32 எம்சிபிக்கு 30 ஆம்பியர் என்பது சாதாரண லோடு, நாள் முழுக்க விடும். 36 ஆம்பியர் போனால்கூட ஒரு மணி நேரம் விழாது. மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் ஒயரில் சூடு இரண்டேகால் மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எல்லாவற்றையும் ஓடவிட்டால் அந்த 12 மீட்டரில் மட்டும் 150 வாட்டுக்கு மேல் சுவருக்குள் சூடாக இறங்கும்.

அப்புறம் நாலு நாள் அலைக்கழிப்பு. செயலியில் முதல் பதில், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், படம் அனுப்புங்கள்." அனுப்பினேன். அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். மூன்றாமவர், வாரண்டி 30 நாள், உங்களுக்கு 34 ஆகிவிட்டது என்றார். உருகினால்தானே தெரியும்! நாலாவது பதில்தான் வயிற்றெரிச்சல்: பொருள் அந்த ஆள் வாங்கியது, எங்கள் பொறுப்பில்லை. 8,600 ரூபாய் ஒயர் அவர்கள் பில்லிலேயே இருக்கிறது! அந்த ஆளோ, "நீங்க ஓவரா லோடு போட்டுட்டீங்க அக்கா" என்றார். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார். மிச்ச ஒயர் பணமும் வரவில்லை. 18,400 ரூபாய், எங்கள் வீட்டில் ஒரு மாத வாடகை.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். முனையைப் பார்த்து ஏமாறாதீர்கள், பைப்பில் ஒயர் இழுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஜங்ஷன் பெட்டி எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். நடுவில் ஜாயின்ட் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். எர்த் ஒயரும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று கேளுங்கள். பெஸ்காம் (பெங்களூர் மின் விநியோக நிறுவனம்) பில்லில் உங்கள் சாங்ஷன்டு லோடு (வீட்டுக்கு அனுமதித்த மின் அளவு) 3 கிலோவாட் என்று இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். மிச்ச ஒயரைக் கொடுத்து அனுப்பவே அனுப்பாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். பெரியவர் வெட்டி எடுத்த அந்த ரெண்டு கருகிய முறுக்கையும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.